உள்ளேயிருந்து தெரிகிறதே, அப்புறம் என்ன? வாகனக் கண்ணாடியில் ஒட்டும் துளை ஃபிலிமும் பாதுகாப்பு விதிகளும்

ஒரு பேருந்தின் பக்கவாட்டில் சன்னல், தகரம் என்ற பேதமே இல்லாமல் ஒரே படமாக விளம்பரம் ஓடுகிறது. வெளியே நின்று பார்த்தால் கண்ணாடி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஏறி உள்ளே உட்கார்ந்தால் தெரு, ஆட்கள், சிக்னல் எல்லாம் லேசான சாம்பல் திரைக்குப் பின்னால் இருப்பதுபோலத் தெரிகின்றன. இதைப் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்புதான். கறுப்பு ஃபிலிம் ஒட்டிய காரை நிறுத்தி அபராதம் போடுகிறார்கள், இதற்கு மட்டும் எப்படி அனுமதி? சொந்த வேனின் பின்கண்ணாடியில் இதையே ஒட்டிக்கொள்ளலாமா? 'உள்ளேயிருந்து தெரிகிறதே, அப்புறம் என்ன' என்று ஒட்டுகிறவர் சொல்வதை நம்பலாமா?

நம்ப முடியாது. காரணம், 'தெரிகிறது' என்பது ஒரு கணக்கு, 'விதி கேட்கிற அளவுக்கு ஒளி வருகிறது' என்பது வேறு கணக்கு. இரண்டாவது கணக்கைப் போட்டுப் பார்த்தால் சந்தையில் கிடைக்கிற எந்த விளம்பரத் துளை ஃபிலிமும், ஓட்டுவதற்குத் தேவையான கண்ணாடிகளுக்கு விதிகள் பரவலாகக் கேட்கிற 70 சதவீத ஒளியை எட்டாது, எட்டவும் முடியாது. அதனால் 'எந்த ஃபிலிம் நல்லது' என்று விசாரிப்பதற்கு முன்னால் 'எந்தக் கண்ணாடியில் ஒட்டப் போகிறோம்' என்று கேட்க வேண்டும். அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

இது என்ன பொருள்?

தொழிலில் இருப்பவர்கள் இதை 'ஒன்வே விஷன்' என்பார்கள். சுமார் 0.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள வினைல் தாள். வெளியே தெரியும் பக்கம் வெள்ளை, படம் அச்சாவது அதில்தான். கண்ணாடியோடு ஒட்டுகிற பக்கம் கறுப்பு. தாள் முழுக்க நெருக்கமாக, ஒன்றரை மில்லிமீட்டர் குறுக்களவில் வட்டத் துளைகள் இருக்கும். 1980களில் பிரிட்டனில் ரோலண்ட் ஹில் என்பவர் இந்த வகைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு இது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

ஃபிலிம் வாங்கும்போது 50/50, 60/40, 70/30 என்று எண்கள் சொல்வார்கள். இங்கேயே ஒரு தவறு நடக்கிறது. பொதுவாக முதல் எண் அச்சுக்கு உரிய பரப்பு, இரண்டாவது எண் துளைகளின் பரப்பு. அதாவது 70/30 என்றால் 30 சதவீதம்தான் திறந்திருக்கிறது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு '70 இருக்கிறது, விதிக்குச் சரியாகப் போய்விட்டது' என்று ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. படம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றால் அச்சுப் பரப்பு கூட வேண்டும். உள்ளேயிருந்து நன்றாகத் தெரிய வேண்டும் என்றால் துளை கூட வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையத்தான் செய்யும்.

துளைத்தாள் வழியாக எப்படித் தெரிகிறது?

மூன்று விஷயங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன.

1. வெளியே வெளிச்சம் அதிகம், வண்டிக்குள்ளே குறைவு. வெள்ளைப் பக்கத்து அச்சில் பட்டுத் திரும்புகிற ஒளி, துளை வழியாக உள்ளேயிருந்து வருகிற மங்கலான ஒளியை அமுக்கிவிடுகிறது. வெளியே நிற்பவருக்குப் படம் மட்டும் தெரிகிறது.

2. உள்பக்கம் கறுப்பு. கறுப்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது. உள்ளே இருப்பவர் கண்ணுக்குப் போட்டியாக எதுவும் வராததால் துளை வழியாக வரும் வெளிக்காட்சி தாராளமாகத் தெரிகிறது.

3. கண்மணியின் அளவு. பகலில் கண்மணி இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் வரை திறந்திருக்கும். துளையோ அதைவிடச் சின்னது. தூரத்தில் உள்ள பொருளைப் பார்க்கும்போது ஒரே நேரத்தில் பல துளைகளின் வழியே வரும் ஒளி கண்மணிக்குள் சேருகிறது, புள்ளிகள் கலைந்துபோய் ஒரு சீரான சாம்பல் நிறமாக மட்டும் மிஞ்சுகிறது. கண்ணை ஃபிலிம் மேலேயே குவித்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாகத் தெரியும். தெருவைப் பாருங்கள், புள்ளிகள் காணாமல் போய்விடும்.

இந்த மூன்றில் முதல் இரண்டும் வெளிச்சம் வெளியே கூடுதலாக இருக்கும்வரைதான் செல்லும். இருட்டிய பிறகு உள்விளக்கு எரிகிற பேருந்தில் எல்லாம் தலைகீழாகிவிடும். வெளியே நிற்பவருக்கு உள்ளே இருப்பவர்கள் தெரிவார்கள், உள்ளே இருப்பவருக்குக் கண்ணாடியில் தன் முகமும் உள்விளக்கும் தெரியும்.

ஒளிக் கணக்கு

விதிகள் எல்லாவற்றிலும் வருகிற ஒரு சொல் 'ஒளி ஊடுருவல்'. வெளியேயிருந்து கண்ணாடி மேல் விழுகிற, கண்ணுக்குத் தெரியும் ஒளி 100 என்றால் அதில் எவ்வளவு உள்ளே வந்து சேருகிறது என்பதுதான் அது. இதில் மறக்கக் கூடாதது, கணக்கு ஃபிலிமுக்கு மட்டும் போடுவதில்லை, கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த மொத்தத்துக்கு.

லேசான பச்சைச் சாயம் உள்ள சாதாரண வாகனக் கண்ணாடி 80 சதவீத ஒளியை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 50/50 ஃபிலிம் ஒட்டினால் 80-இல் பாதி, 40. 60/40 ஒட்டினால் 32. 70/30 ஒட்டினால் 24. கண்ணாடி முன்பே கரும் சாயம் போட்டதாக இருந்தால் இன்னும் கீழே போகும்.

இதையே திருப்பிப் போடுங்கள். 80 சதவீதக் கண்ணாடியில் 70 கிடைக்க வேண்டும் என்றால் ஃபிலிமில் 87.5 சதவீதம் துளையாக இருக்க வேண்டும். மிச்சம் எட்டில் ஒரு பங்குதான் அச்சு. அப்படி ஒரு தாளில் விளம்பரம் போட்டால் வெளியே நிற்பவருக்கு எதுவும் புரியாது, யாரும் அதற்குக் காசு கொடுக்கவும் மாட்டார்கள். 50 சதவீதம் போதும் என்கிற கண்ணாடிக்கே 62.5 சதவீதத் துளை தேவைப்படுகிறது. விற்பனையில் பரவலாக இருக்கும் ரகங்கள் 50-ஓடு நின்றுவிடுகின்றன.

அளக்கும் விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சாலையில் சோதிக்கப் பயன்படும் கருவி, கண்ணாடியின் ஒரு பக்கம் விளக்கையும் மறுபக்கம் உணரியையும் வைத்து ஒரு சிறு வட்டத்தின் வழியே வரும் ஒளியை அளக்கிறது. சீரான சன் ஃபிலிமுக்கு இது பொருந்தும். துளைத்தாளில் அந்தச் சிறு வட்டத்துக்குள் எத்தனை துளை அகப்படுகிறது என்பதைப் பொறுத்து எண் ஏறி இறங்கும். ஓர் இடத்தில் 45 காட்டும், ஒரு விரல் தள்ளி வைத்தால் 36 காட்டும். பல இடங்களில் அளந்து சராசரி எடுத்தால்தான் அது அளவு. ஒரே இடத்தில் அளந்த சீட்டை நீட்டி 'பார்த்தீர்களா' என்று வாதாடுவதில் பயனில்லை.

விதி எந்தக் கண்ணாடியைப் பார்க்கிறது?

நாட்டுக்கு நாடு எண்கள் மாறினாலும் சிந்தனை ஒன்றுதான்: டிரைவர் ஓட்டுவதற்கு எந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டியிருக்கிறதோ அது தெளிவாக இருக்க வேண்டும். மற்றதில் தளர்வு காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம். அங்கேதான் நாடுகள் பிரிகின்றன.

1. ஐ.நா. விதி எண் 43, வாகனப் பாதுகாப்புக் கண்ணாடிக்கானது. டிரைவரின் முன்பார்வைக்கு வேண்டிய கண்ணாடிக்கு 70 சதவீதம் கேட்கிறது. டிரைவருக்குப் பின்னால் உள்ள கண்ணாடிகள் அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

2. பிரிட்டனில் 1985 ஏப்ரல் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த வாகனங்களுக்கு முன்கண்ணாடி 75, முன்பக்கச் சன்னல்கள் 70. டிரைவருக்குப் பின்னால் உள்ள சன்னல்களுக்கும் பின்கண்ணாடிக்கும் இந்தக் கணக்கு இல்லை.

3. அமெரிக்காவில் கூட்டாட்சித் தரம் எண் 205, ஓட்டுவதற்குத் தேவையான பகுதிகளுக்கு 70 என்கிறது. பேருந்து, லாரி போன்றவற்றில் டிரைவருக்குப் பின்னால் கருமையான கண்ணாடியை அனுமதிக்கிறது. அதற்கு மேல் ஃபிலிமுக்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக விதி வைத்திருக்கிறது.

4. ஜப்பானிலும் முன்கண்ணாடிக்கும் டிரைவர் பக்கத்துச் சன்னல்களுக்கும் 70.

5. ஜெர்மனி இன்னொரு கேள்வியும் கேட்கிறது. கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிமே வகை ஒப்புதல் (அந்த ரகத்தைச் சோதித்துத் தரும் அனுமதி) பெற்றதாகவும் அதற்கான குறி அதில் தெரிவதாகவும் இருக்க வேண்டும். எவ்வளவு ஒளி விடுகிறது என்பதோடு, ஒட்டிய பிறகு கண்ணாடி எப்படி உடைகிறது என்பதும் அங்கே சோதனைக்கு வருகிறது.

6. இந்தியா இதில் கடுமையான பக்கம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 100: முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் 70, பக்கச் சன்னல்களுக்கு 50. டிரைவருக்குப் பின்னால் என்ற விலக்கு கிடையாது. அதோடு, கண்ணாடி அந்த அளவில் இருந்தால் மட்டும் போதாது, அந்த நிலையிலேயே பராமரிக்கப்பட வேண்டும் என்றும் விதி சொல்கிறது. அந்த ஒரு சொல்தான் பிறகு ஒட்டுகிற எதையும் கணக்குக்குள் இழுத்து வருகிறது.

இந்தியா பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் அதிகம் அங்கேதான். 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்த விகிதத்தில் இருந்தாலும் கறுப்பு ஃபிலிமோ வேறு பொருளோ வாகனக் கண்ணாடி மேல் ஒட்டக் கூடாது என்றது. அதன் பிறகு விதி 100 திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் முதல் வெறும் கண்ணாடியோடு 'பாதுகாப்பு கிளேஸிங்' என்ற வகையும், அதாவது பிளாஸ்டிக் அடுக்கு சேர்ந்த கண்ணாடியும் தரத்துக்கு உட்பட்டு உள்ளே வந்தது. இதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், திருத்திய விதிப்படி 70, 50 என்ற அளவுகளுக்குக் குறையாத கிளேஸிங் வைத்திருப்பதற்கு அபராதம் போட முடியாது என்று தீர்ப்பளித்தது. செய்தி வெளியானதும் பலர் 'ஃபிலிமுக்கு அனுமதி வந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டார்கள். வந்தது அளவுக்கு உட்பட்ட அனுமதி. அந்த 70-உம் 50-உம் அப்படியே நிற்கின்றன, மேலே போட்ட கணக்கின்படி விளம்பரத் துளை ஃபிலிம் இரண்டிலுமே தோற்றுப்போகிறது. ஆக, இந்தத் தீர்ப்பைக் காட்டி ஒன்வே விஷன் விற்பவர் சொல்வதைக் கேட்டு ஒட்ட வேண்டாம்.

கண்ணாடி கண்ணாடியாகப் பார்த்தால்

இனி எண்களை ஓரமாக வைத்துவிட்டு, ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்து பார்ப்போம். சட்டம் விட்டுவைத்திருக்கிற நாட்டில்கூட ஒட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டிய இடங்கள் இவை.

1. முன்கண்ணாடி. இதில் பேச்சே கிடையாது. மேல் விளிம்பில் ஒரு பட்டை மட்டும் என்று ஆரம்பித்தாலும் மழை உணரி, கேமரா எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன.

2. டிரைவர் பக்கத்துச் சன்னலும் எதிர்ப்பக்க முன்சன்னலும். சைடு மிர்ரரை டிரைவர் பார்ப்பதே இந்தக் கண்ணாடி வழியாகத்தான். இங்கே ஃபிலிம் ஒட்டினால் மிர்ரரும் சேர்ந்து மங்கிவிடும்.

3. பேருந்தின் முன்கதவு. இதைப் பலர் பயணிகள் பகுதியில் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். ஆனால் நிறுத்தத்தில் ஏறக் காத்திருக்கும் குழந்தை, ஓரமாக வரும் சைக்கிள், திருப்பத்தில் நடைபாதையிலிருந்து இறங்குகிற ஆள் எல்லோரும் டிரைவருக்குத் தெரிவது இந்தக் கதவுக் கண்ணாடி வழியாகத்தான். அதற்கு அடுத்த முதல் பயணிச் சன்னலும் சந்திப்பில் சாய்வாகப் பார்க்கும்போது தேவைப்படும். விளம்பரம் அதற்குப் பின்னால் தொடங்கட்டும்.

4. பின்கண்ணாடி. பெரிய பேருந்தில் டிரைவர் அதை நம்பி ஓட்டுவதில்லை, இரண்டு பக்க மிர்ரர்களை நம்பித்தான் ஓட்டுகிறார். காரிலும் சிறு வேனிலும் நிலைமை வேறு. உள்மிர்ரர் முழுக்கப் பின்கண்ணாடியைச் சார்ந்தது. அதை மறைக்க அனுமதிக்கும் இடங்களில் இரு பக்கமும் வெளிமிர்ரர் இருக்க வேண்டும் என்பது பரவலான நிபந்தனை. பின்னால் வருகிறவரையும் நினைக்க வேண்டும்: முன்னால் போகும் காரின் கண்ணாடிகளை ஊடுருவிப் பார்த்துத்தான் அதற்கும் முன்னால் யாரோ பிரேக் போட்டதை அவர் தெரிந்துகொள்கிறார். அந்த வழியும் அடைபடுகிறது.

5. பயணிகளின் பக்கச் சன்னல்கள். ஓட்டுவதற்கு இவை அவ்வளவு தேவைப்படாது. ஆனால் இவற்றில்தான் அவசர வழி இருக்கிறது. அதைத் தனியாகவே சொல்ல வேண்டும்.

அவசர வழிச் சன்னல்: அதிகம் மறந்துபோகிற இடம்

பேருந்து தீப்பிடித்தாலோ கவிழ்ந்தாலோ கதவு மட்டும் போதாது என்பதால் சில சன்னல்களை அவசர வழியாகவே வடிவமைக்கிறார்கள். பேருந்துகளுக்கான ஐ.நா. விதி எண் 107 அப்படிப்பட்ட சன்னலுக்குக் குறைந்தது 4 லட்சம் சதுர மில்லிமீட்டர் பரப்பு வேண்டும் என்றும், அதில் 500க்கு 700 மில்லிமீட்டர் செவ்வகம் ஒன்று அடங்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு ஆள் உடம்பை நுழைத்து வெளியேற வேண்டிய இடம் அது. இந்தியாவில் பேருந்துக் கூண்டு கட்டுவதற்கான ஏ.ஐ.எஸ். 052 என்ற தரத்திலும் அவசர வழிகளுக்கெனத் தனிப் பகுதி உண்டு.

உடைத்துத் திறக்கும் சன்னல்களில் இருப்பது டஃபன்டு கிளாஸ். இதைச் சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்துச் செய்கிறார்கள். மேற்பரப்பு இறுகி அழுத்தத்திலும் நடுப்பகுதி இழுவிசையிலும் இருக்கும். உள்ளங்கையால் எவ்வளவு அடித்தாலும் தாங்கும். கூர்முனைச் சுத்தியலால் ஒரு மூலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால், உள்ளே அடங்கியிருந்த இழுவிசை வெளிப்பட்டு முழுக் கண்ணாடியும் ஒரு நொடியில் கல்கண்டு மாதிரிப் பொடியாகிக் கொட்டிவிடும். கொட்டினால்தான் வழி.

வெளிப்பக்கம் ஃபிலிம் ஒட்டியிருந்தால் என்ன ஆகும்? கண்ணாடி உடையும், ஆனால் கொட்டாது. பொடிகள் அத்தனையும் ஃபிலிமின் பசையில் பிடித்துக்கொண்டு, வெள்ளையாகிப்போன ஒரு கனத்த பாய் போலச் சன்னலிலேயே தொங்கும். துளை போட்ட வினைல் மெல்லியதுதான், இழுத்தால் கிழியும், காலால் உதைத்துத் தள்ளினால் வெளியே சரியும். சிக்கல் என்னவென்றால் துளைகளில் மழைத்தண்ணீர் தேங்காமல் இருக்க மேலே ஒரு தெளிவான லேமினேஷன் தாளும் ஒட்டுவார்கள். அது துளையில்லாத முழுத் தாள். இரண்டும் சேர்ந்ததும் கிழிப்பது கடினமாகிறது. புகைக்கு நடுவே, இருட்டில், சுத்தியலால் அடித்த பிறகும் சன்னல் அப்படியே நிற்பதைப் பார்க்கிற ஒரு பயணி 'உடையவில்லை' என்று நினைத்து அடுத்த சன்னலுக்கு ஓடக்கூடும். உதைத்துத் தள்ள வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

கீலில் திறக்கும் அல்லது வெளியே தள்ளினால் பிரியும் சன்னல்களில் வேறு சிக்கல். படம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று ஒட்டுகிறவர் ஒரே தாளைத் தகரத்திலிருந்து ரப்பர் விளிம்பைத் தாண்டிக் கண்ணாடி வரை ஓட விடுவார். அந்த இணைப்பில் பிளேடால் கீறிவிடாவிட்டால், அந்தத் தாள் சன்னலைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவைத்த மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் எழுத்துகள். 'அவசர வழி' என்ற பெயர்ப்பலகையும், வெளியிலிருந்து திறக்கும் கைப்பிடி எங்கே என்ற அம்புக்குறியும் மீட்க வருகிறவருக்காகப் போட்டவை. அவை விளம்பரத்துக்கு அடியில் மறைந்துவிட்டால் தீயணைப்பு வீரருக்கு எந்தச் சன்னல் திறக்கும் என்று தெரியாது. பகலில் உள்ளே எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள் என்பதும் வெளியே நிற்பவருக்குத் தெரியாது. ஆகவே, விதி அனுமதிக்கிற இடத்திலும்கூட அவசர வழிச் சன்னல்களைப் படத்திலிருந்து வெட்டி விடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. படம் கொஞ்சம் விட்டு விட்டுத் தெரியும். தெரியட்டும்.

மங்கல் நேரம், மழை, சாய்ந்த கண்ணாடி

மாதிரி காட்டும்போது கடையில் என்ன செய்கிறார்கள்? பட்டப்பகலில் ஒரு சிறு துண்டை முகத்துக்கு நேரே பிடித்து, வெயிலில் நிற்கிற வண்டியைப் பார்க்கச் சொல்கிறார்கள். நன்றாகத்தான் தெரியும். அந்தச் சோதனை சுலபமான நேரத்தில் நடக்கிறது.

கண் ஒளியின் அளவை விகிதமாக உணர்கிறது. உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். அதில் 60 சதவீதத்தை இழந்தாலும் மிச்சமிருக்கும் 40 ஆயிரம் கண்ணுக்குத் தாராளம். தெருவிளக்கு வெளிச்சம் சுமார் 10 லக்ஸ்தான். அதில் 4 மட்டுமே உள்ளே வந்தால் நிறம் பிரித்தறிவதும் விளிம்பு பிடிபடுவதும் குறைந்துவிடும். கறுப்புச் சட்டை போட்டு விளக்கில்லாத சைக்கிளில் வருகிறவர்தான் முதலில் காணாமல் போவார். வயது ஏற ஏறக் கண்மணி இருட்டில் விரிவதும் குறையும் என்பதால் வயதான டிரைவருக்கு இழப்பு இரட்டிப்பாக விழுகிறது.

லேமினேஷன் போடாத ஃபிலிமில் மழைநாளில் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு நின்றுவிடும். ஒவ்வொரு சொட்டும் ஒரு குட்டி லென்ஸ். ஆயிரக்கணக்கான லென்ஸ்கள் பின்னால் வரும் ஹெட்லைட்டைச் சிதறடித்தால் பார்ப்பதற்குப் பளபளவென்று ஒரு வெள்ளைச் சுவர்தான் மிஞ்சும். லேமினேஷன் போட்டால் இது தீரும், ஆனால் முன்பு சொன்ன அவசர வழிப் பிரச்சினை கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் எங்கே எதை ஒட்டுவது என்று முடிவெடுக்க வேண்டும்.

சாய்வு பற்றி யாரும் பேசுவதில்லை. தாளுக்கும் ஒரு தடிமன் இருக்கிறது அல்லவா? நேராகப் பார்த்தால் துளை முழு வட்டம். சாய்ந்து படுத்திருக்கும் காரின் பின்கண்ணாடியை உள்மிர்ரர் வழியாகப் பார்க்கும்போது பார்வை துளைக்குள் சரிவாக நுழைகிறது, துளையின் சுவரே கொஞ்சம் மறைத்துவிடும். 0.15 மில்லிமீட்டர் தாளில் 1.5 மில்லிமீட்டர் துளை என்று வைத்து 60 டிகிரி சாய்வுக்குக் கணக்கிட்டால் ஐந்தில் ஒரு பங்கு திறப்பு போய்விடுகிறது. 70 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. செங்குத்தான பேருந்துக் கண்ணாடியில் நன்றாக இருந்த அதே ரகம் காரில் இருட்டாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சின்னச் சின்ன விஷயங்கள்

பின்கண்ணாடியின் உள்ளே உயரத்தில் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கின் மேல் ஃபிலிம் வரக் கூடாது. 50/50 ஃபிலிம் அதன் வெளிச்சத்தைப் பாதியாக்கிவிடும். விளக்குக்கு எதிரே கொஞ்சம் பெரிதாகவே வெட்டி விட வேண்டும். பின்வைப்பர் ஓடும் வட்டத்தில் ஒட்டினால் வைப்பர் விளிம்பைப் பிடித்துக் கிழிக்கும். இறக்கி ஏற்றும் சன்னலில் ஒட்டினால் ரப்பரில் உரசிச் சுருண்டு, பாதி கிழிந்த தாள் காற்றில் அடித்துக்கொண்டு டிரைவர் கவனத்தைக் கெடுக்கும். பனி நீக்கும் கம்பிகள் உள்பக்கம் இருப்பதால் வெளியே ஒட்டும் ஃபிலிமால் சேதம் இல்லை, உள்ளே ஒட்டும் ரகத்தைப் பிய்க்கும்போதுதான் கம்பி கையோடு வரும். கறுப்புப் பரப்பு வெயிலை உறிஞ்சுவதால் கண்ணாடி சூடாகும். டஃபன்டு கிளாஸ் தாங்கிக்கொள்ளும்; இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்த லேமினேட்டட் கண்ணாடியில், பாதி மூடியும் பாதி திறந்தும் இருந்தால், சூட்டு வேறுபாட்டில் விரிசல் விட வாய்ப்பு உண்டு. வழித்தட எண் பலகையை மறைக்கக் கூடாது என்பது சொல்லாமலே தெரிய வேண்டியது, ஆனாலும் மறைக்கிறார்கள்.

ஒட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை, இதே வரிசையில்

1. வண்டி பதிவான நாட்டில், இந்தக் குறிப்பிட்ட சன்னலுக்கு ஒளி ஊடுருவல் அளவு உண்டா? உண்டென்றால் கதை அங்கேயே முடிந்தது. துளை விகிதத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

2. அளவு இல்லையென்றால், டிரைவர் எந்தச் சூழ்நிலையிலாவது இதன் வழியாகப் பார்க்கிறாரா? டிரைவரையே கேளுங்கள். வடிவமைப்பாளர் கணினியில் வண்டியின் பக்கவாட்டுப் படத்தை மட்டும் பார்க்கிறார், இருக்கையிலிருந்து தெரிவது அவருக்குத் தெரியாது.

3. இது அவசர வழியா? ஆமென்றால் விட்டுவிடுங்கள்.

4. ஃபிலிமுக்கு ஒப்புதல் குறி கேட்கிற நாடா? அப்படியானால் ஒட்டிய பிறகும் அந்தக் குறி கண்ணில் படுகிறதா?

5. ஒட்டி முடித்ததும் பகலில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை, ஜன்னலில் தண்ணீர் ஊற்றி ஒரு முறை உள்ளேயிருந்து பாருங்கள். இருட்டில் பார்க்கும்போது உள்விளக்கைப் போட்டும் அணைத்தும் பாருங்கள்.

6. எப்போது கழற்றுவது? இதை யாரும் ஒப்பந்தத்தில் எழுதுவதில்லை. வெயிலில் வினைல் சுருங்கும், ஓரம் தூக்கும், துளைகளில் தூசியும் வண்டி கழுவும் சோப்பும் அடைத்துக்கொள்ளும். ஒட்டிய அன்று 40 சதவீத ஒளி விட்ட அதே சன்னல், அடைத்துக்கொண்ட பிறகு அதே அளவில் இருக்காது. விளம்பரக் காலம் முடிந்தும் கழற்ற ஆளில்லாமல் மாதக்கணக்கில் தொங்குகிற ஃபிலிம்தான் ரொம்ப மோசம். கழற்றும் தேதியும் கழற்றும் செலவு யாருடையது என்பதும் ஒட்டும் நாளிலேயே தாளில் எழுதப்பட வேண்டும். பசை காய்ந்து இறுகிவிட்ட பிறகு கீறிச் சுரண்டினால் கண்ணாடியில் விழும் கோடுகள், அடுத்த விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும், அந்தச் சன்னலில் நிலைத்துவிடும்.